பத்தியக் கோழியும் துவர்க்கும் சிவப்பு ஒயினும்

எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியில் நல்லெண்ணெய் பாட்டிலுக்கும் பெருங்காய டப்பாவுக்கும் நடுவில் ஒரு பிராந்தி பாட்டில் நிற்கிறது. ஒளிந்து நிற்கவில்லை, வீட்டு மனுஷி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. விருந்தாளி வந்தால் யாரும் அதை எடுத்து மறைப்பதில்லை. மேல்தட்டில் முருகன் படம் இருக்கிறது. இரண்டுக்கும் இதுவரை சண்டை வந்ததில்லை. ஊரில் இருந்து இதைப் படிக்கிற நீங்கள் இந்நேரம் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கல்யாணம் முடித்து மலாக்காவுக்கு வந்த முதல் வாரம், கடுகு தேடி அலமாரியைத் திறந்தவள் இந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டேன். குடிகாரக் குடும்பத்தில் தள்ளிவிட்டார்களே என்று அடுப்பு ஓரமாக நின்று அழுதேன். அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "இது ஆம்பளைங்களுக்கு இல்லலா, பிள்ளை பெத்தவங்களுக்கு" என்றார். அதைக் கேட்டு இன்னும் பலமாக அழுதேன்.

விஷயம் இதுதான். இங்கே ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு குளிர்ந்துவிடக் கூடாது என்று ஒரு பத்தியக் கோழி வைப்பார்கள். நல்லெண்ணெய், பூண்டு, இஞ்சி, மிளகு, நாட்டு மருந்துச் சாமான் எல்லாம் நம் ஊர் மாதிரியேதான். கடைசியில் மட்டும் ஒரு மூடி பிராந்தி. அதை ஊற்றும்போது எந்த மாமியாரும் மூக்கைச் சுளிப்பதில்லை. அதே மாமியார் மகன் வெளியே ஒரு பீர் குடித்துவிட்டு வந்தால் குடும்ப மானமே போய்விட்டதாக ஒப்பாரி வைப்பார். என் ஊரிலோ நேர் எதிர். ஆண்கள் கடைக்கு வெளியே வெயிலில் வரிசையில் நின்று வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். பிள்ளை பெற்றவள் அந்தப் பாட்டிலை முகர்ந்தால்கூட ஊர் இரண்டாகிவிடும். கடல் தாண்டினால் வெட்கம் ஆள் மாறி உட்கார்ந்துகொள்கிறது. என் முதல் பிள்ளைக்கு எனக்கும் அந்தக் குழம்பு வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன். மறுநாள் மூக்கைப் பிடிக்காமல் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் பாத்திரத்தை வழித்தேன்.

இப்போது இந்த வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவள் துளசி, என் கொழுந்தன் குணாவின் மனைவி. குருபோங்கில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், வரிசை வீடு எங்களுடையது. மேலே அவர்கள், கீழே நாங்கள். என் வீட்டுக்காரர் பத்து பெரண்டாமில் பேக்டரி வேலை. குணா ஆயர் குரோவில் ஒரு ஓட்டலில் விருந்து பரிமாறுகிறவன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, எப்போதும் சிரித்த முகம். துளசிக்குப் பத்தியம் பார்க்க ஜாசின் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அவள் அம்மா வந்திருந்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்குச் சமையலறைக்குள் வந்துவிட்டால் வேறு யாரும் அங்கே இருப்பது கண்ணில் படாது.

குணா ஒருநாள் இரண்டு சிவப்பு ஒயின் பாட்டில்களை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். பிறந்த தன் பெண் பிள்ளையைக்கூட அவன் அவ்வளவு பதமாகத் தூக்கி நான் பார்க்கவில்லை.

"அண்ணி, நீங்கதான் என்னைக் காப்பாத்தணும்."

ஓட்டலில் தீபாவளி விருந்து வைக்கப்போகிறார்களாம். தமிழ்ச் சாப்பாடு, கூடவே ஒயின். எந்தத் தட்டோடு எந்த ஒயின் போகும் என்று ஒரு யோசனை கொண்டு வா என்று மேனேஜர் இவனிடம் சொல்லியிருக்கிறார். யோசனை பிடித்துப்போனால் கேப்டன் வேலை. கேப்டன் என்றால் கப்பல் இல்லை. ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பொறுப்பாளி. சம்பளம் உயரும், மலாக்காவிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் சிங்கப்பூர். இந்தத் தாமானில் பாதி வீட்டுப் பையன்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள். குணாவுக்கும் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் இடம் இருப்பதாக ஒரு நண்பன் சொல்லி வைத்திருந்தான். துளசி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "என் பிள்ளை அப்பாவ போன்லதான் பாக்கணுமா?" அந்த வாக்கியம் வீட்டுக்குள் பூனை மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒயினை நான் அதுவரை குடித்ததில்லை. ஆனால் திராட்சையைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். எங்கள் ஊரில் பன்னீர் திராட்சைப் பந்தல் வீட்டு வாசல்வரை வரும். பந்தல் என்றதும் குளிர்ச்சியாக ஏதாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடித்த நீலத் தண்ணீர் தலையில் சொட்டும். வியாபாரி வந்து கொத்தைத் தூக்கிப் பார்த்து, பிடிக்காத மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விலையைக் குறைப்பான். விற்காததை நாங்கள் தின்போம். தின்னும்போது தோலையும் விதையையும் துப்பச் சொல்வார்கள். கடித்துவிட்டால் நாக்கு மரத்து, ஈறு சுருங்கி, வாய்க்குள் கம்பளி போட்ட மாதிரி ஆகிவிடும். குணா ஊற்றிக் கொடுத்த முதல் வாயை விழுங்கியதும் எனக்கு வந்தது அதேதான். சாற்றை விட்டுவிட்டுத் தோலையும் விதையையும் ஒரு கை நிறைய மென்ற மாதிரி. இனிப்பு மருந்துக்குக்கூட இல்லை. நாங்கள் துப்பியதைத்தான் வெள்ளைக்காரன் பாட்டிலில் அடைத்து வைத்திருக்கிறான் என்று அன்று தெரிந்தது.

இந்த இனிப்பில்லாத சிவப்பு ஒயினின் குணத்தை நம் ஆட்களுக்குச் சொல்வது ஒன்றும் கஷ்டம் இல்லை. அறுசுவையில் துவர்ப்பு என்று ஒன்றை எண்ணி வைத்தவர்கள் நாம். கொட்டைப்பாக்கு, வாழைப்பூ, நாவல்பழம், மாதுளந்தோல், ரொம்ப நேரம் கொதித்த தேத்தண்ணி. அந்தக் குடும்பத்தில் ஒரு வசதியான சொந்தக்காரன் இந்த ஒயின். முதலில் கொஞ்சம் பழப்புளிப்பு, நடுவில் துவர்ப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு சூடு. என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "கெலாட்லா இது" என்றார். பழுக்காத வாழைக்காயைக் கடித்தால் மலாய்க்காரர்கள் சொல்லும் வார்த்தை அது. பிறகு எழுந்து போய் நாலு ஐஸ்கட்டியும் எலுமிச்சை சோடாவும் கொண்டுவந்து அதில் கொட்டினார். குணா முகத்தைப் பார்க்க வேண்டுமே! கோயில் கருவறையில் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"அண்ணே, இத அப்படிக் குடிக்கக் கூடாது!"

"யார் வாய்டா இது? உன் வாயா என் வாயா?"

ஓட்டலில் கொடுத்த தாளை குணா படித்துக் காட்டினான். நடுத்தர உடல்வாகு, அடக்கமான குணம், மாமிசத்தோடு ஒத்துப்போகும். கல்யாண விளம்பரமா என்று கேட்டேன். இல்லை, ஒயினின் லட்சணமாம். அடுத்து வாசனை. கறுப்புச் செர்ரி, புகையிலை, தோல், ஈர மண். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் ஐஸ் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "புகையிலை, தோலு, ஈர மண்ணா? எங்கப்பா ரப்பர் பால் வெட்டிட்டு வீட்டுக்கு வந்தா இந்த வாசனைதான்டா வரும். மழையில நனைஞ்ச பெல்ட்டு, இடுப்பில புகையிலைப் பொட்டலம், காலெல்லாம் சேறு. அப்ப பஸ்ல பக்கத்தில யாரும் உக்கார மாட்டாங்க. இப்ப கிளாஸ்ல ஊத்தி மோந்து பாக்குறானுங்க!" நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ரப்பர் மரத்துக்குக் கீழே இருந்தால் நாற்றம், மேசை விரிப்பின் மேல் இருந்தால் நறுமணம் என்று யாரோ எங்கேயோ முடிவு செய்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு எங்களை அழைக்கவில்லை.

ஒரு பாட்டிலைத் திறந்தாயிற்று. அடுத்ததை, ருசி பார்க்க மேனேஜர் வீட்டுக்கு வரும் நாளுக்கு என்று குணா அலமாரியில் வைத்தான். திறந்ததைக் கொண்டு தினமும் ஒரு குழம்போடு பரீட்சை நடந்தது. புளி தூக்கலான மீன் அசாம் கறியோடு ஒரு வாய்: துருப்பிடித்த ஆணியை நக்கியது போல இருந்தது. மீனும் துவர்ப்பும் சேர்ந்தால் அப்படித்தானாம். மிளகாய் அரைத்த சம்பலோடு ஒரு வாய்: மிளகாயின் காரத்தை ஒயின் அணைக்கவில்லை, ஊதிவிட்டது, குணாவுக்குக் காது சிவந்துவிட்டது. ரசத்துக்குப் பக்கத்தில் ஒயின் செத்துப்போய் வெறும் செந்தண்ணீர் ஆனது. பாயசத்துக்குப் பிறகு குடித்தால் காடி. நெய் மணக்கும் பருப்புச் சோற்றோடு கொடுத்துப் பார்த்தேன். இரண்டும் அறிமுகம் இல்லாத பயணிகள் மாதிரி ஒன்றை ஒன்று பார்க்காமல் போய்விட்டன. கடைசியில் ஆட்டு எலும்பை மிளகு மட்டும் போட்டு, தேங்காய் இல்லாமல், கொழுப்பு உருக உருகப் பெரட்டி எடுத்தேன். அதைத் தின்றுவிட்டு ஒயினைக் குடித்தால் கொழுப்பைத் துவர்ப்பு வழித்து எடுக்கிறது. துவர்ப்பைக் கொழுப்பு மெத்தென்று ஆக்குகிறது. கூட ஒரு துண்டு தின்னத் தோன்றியது. தின்றதும் ஒரு வாய் குடிக்கத் தோன்றியது. இதுதான் ஜோடி என்பது என்று எனக்கே புரிந்துவிட்டது. என் ஊரில் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் இடம் கிடையாது. ஊறுகாய் ஒரு மட்டை, மிளகுத்தூள் தூவின அவித்த முட்டை ஒன்று. எந்தச் சரக்குக்கும் அதே பொருத்தம். ஜாதகம் பார்ப்பதே இல்லை.

மேனேஜர் வருகிற சனிக்கிழமை காலையில் நான் ஆட்டு எலும்பை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்புகிறேன், அலமாரியில் ஒயின் பாட்டில் இல்லை. தேடினால் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்து அடுப்பில் அத்தையின் பத்தியக் கோழி தளதளவென்று கொதிக்கிறது. நிறம் கத்திரிக்காய்த் தோல் மாதிரி.

"அத்தை, இதில என்ன ஊத்துனீங்க?"

"பிராந்தி தீந்துபோச்சு செல்வி. செகப்பா ஒயினு இருந்துச்சு. செகப்பு ரத்தம் ஊறும்ல? பிள்ளை பெத்தவளுக்கு ரொம்ப நல்லது. அதான் முழுசா ஊத்திட்டேன்."

"முழுசாவா!"

"பிராந்தி மாதிரி சுருக்குன்னு இல்ல. ஊத்த ஊத்த பாக்குத் தண்ணி மாதிரிதான் இருந்துச்சு. துளசி வாயில வைக்க முடியலன்னா. அப்பறம் குலா மலாக்கா ஒரு உருண்டை தட்டிப் போட்டேன், சரியாப் போச்சு" என்றார். குலா மலாக்கா என்பது இந்த ஊர்த் தென்னை வெல்லம். அத்தையிடம் அது தீர்க்காத வழக்கு எதுவும் இல்லை.

குணா மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். திட்டவும் முடியாது; மாமியார். "குடுத்தது ரெண்டு பாட்டில்தான் அண்ணி. மேனேஜர் கேட்டா, என் மாமியார் கொழம்புல ஊத்திட்டாங்கன்னா சொல்லுவேன்?" அத்தைக்கு மருமகன் எதற்கு இப்படி இடிந்துபோய் இருக்கிறான் என்று புரியவில்லை. "பாவம், பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்க விடல போல" என்று அவனுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு எடுக்கப் போனார்.

நல்லவேளையாக மேனேஜர் கையிலேயே ஒரு பாட்டிலோடு வந்தார். சீனர், கண்ணாடி போட்டவர், தமிழ் தெரியாது. செருப்பை வாசலில் கழற்றி ஜோடியாக அடுக்கி வைத்த விதத்திலேயே எனக்குப் பிடித்துவிட்டது. ஒயினை ஊற்றினார். நான் ஆட்டு எலும்புப் பெரட்டலை வாழையிலையில் வைத்து, ராணியைக் கூட்டி வருவது போலக் கொண்டுவந்தேன். மேனேஜர் குனிந்து மோந்தார். உடனே நிமிர்ந்தார். கையை மெதுவாக ஆட்டினார். ஆட்டுக்கறி வாசனை அவருக்கு ஆகாதாம். சின்ன வயதிலிருந்தே ஆகாதாம். ஒரு வாரம் நாங்கள் ஒயினோடு பொருந்துமா, மிளகோடு பொருந்துமா என்று எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தோம். சாப்பிடப்போகிற மனிதனோடு பொருந்துமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. குணாவின் சிரித்த முகம் அப்படியே இருந்தது, ஆனால் உள்ளே ஆள் இல்லை. மாடிப்படியில் துளசி பிள்ளையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மேனேஜர் மூக்கை அடுப்படிப் பக்கம் திருப்பினார். "அது என்ன வாசனை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் கேட்டது காதில் விழுந்ததோ இல்லையோ, அத்தை கிண்ணத்தோடு வெளியே வந்துவிட்டார். மேனேஜர் ஒரு கரண்டி சாப்பிட்டார். கண்ணை மூடினார். ஒயினை ஒரு வாய் குடித்தார். மறுபடியும் கரண்டி. நல்லெண்ணெயும் கோழிக் கொழுப்பும் ஒயினின் துவர்ப்பை அடக்கி வைத்திருந்தன. மிளகு அதைக் கைபிடித்து நடத்தியது. தென்னை வெல்லம் குழம்புக்குள் எங்கேயோ ஒளிந்துகொண்டு வம்பு செய்யாமல் இருந்தது. நாங்கள் தேடித் தேடிக் காணாத ஜோடி, கவனக்குறைவில் நடந்த கல்யாணம். அதன் பிறகு நடந்த பேச்சை நான் உள்ளபடி எழுதுகிறேன். அத்தை தமிழில் சொன்னார், குணா ஆங்கிலத்தில் மாற்றினான்.

"இது பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிறதுன்னு சொல்லுப்பா" என்றார் அத்தை.

"எங்கள் தாய்மார் வழிவழியாகச் செய்வது என்கிறார், சார்."

"வயித்தில இருக்கிற அழுக்கெல்லாம் போயிடும்."

"ஜீரணத்துக்கு மிகவும் நல்லதாம், சார்."

"பால் நல்லா ஊறும்னு சொல்லு. தெரிஞ்சிக்கட்டும்."

குணா ஒரு கணம் கூரையைப் பார்த்தான். "ரொம்பச் சத்தானது என்கிறார், சார்."

மேனேஜர் அத்தையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இரண்டாவது கிண்ணம் கேட்டார். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். சிரிப்போடு சிரிப்பாக ஒரு பயமும் இருந்தது. "குணா, சொல்லிடுடா. பின்னாடி தெரிஞ்சா அசிங்கம்" என்று அவன் தட்டு வைக்க வந்தபோது கிசுகிசுத்தேன். "வேலை கெடைச்சதும் சொல்லிக்கிறேன் அண்ணி. இப்ப சொன்னா மனுஷன் வாந்தி எடுத்துருவாரு" என்றான். மேலே துளசி பிள்ளைக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் குரலில் ஒரு இளக்கம் இருந்தது.

தீபாவளி விருந்தன்று ஓட்டல் சமையல்காரருக்குப் பக்குவம் சொல்ல என்னைக் கூட்டிப் போயிருந்தார்கள். பரிமாறுகிற கதவு ஓரம் நின்று எட்டிப் பார்த்தேன். வெள்ளை மேசை விரிப்பு, மெழுகுவத்தி, பட்டுப்புடவைகள். மலாக்காவில் வசதியாகிவிட்ட நம் ஆட்கள்: டாக்டர்கள், வக்கீல்கள், வீடு வாங்கி விற்கிறவர்கள். பாதிப்பேருக்கு எஸ்டேட் என்றால் தாத்தா கதை. மீதிப்பேருக்கு அதை மறக்கத்தான் இத்தனை படிப்பு. கிளாஸின் காம்பைப் பிடித்துச் சுற்றினார்கள், மூக்கை உள்ளே விட்டார்கள், எதையோ கண்டுபிடித்த மாதிரித் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் யாரும் பார்க்காதபோது ஒரு ஐஸ்கட்டியைப் போட்டுக்கொண்டார். எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. மேனேஜர் மைக்கைப் பிடித்து, எஸ்டேட் தாய்மார்களின் ரகசியக் கோழி, சிவப்பு ஒயினில் வேகவைத்தது, இதோ அதே ஒயினோடு என்று அறிவித்தார். தட்டுகள் போயின.

பச்சைப் பட்டு கட்டிய ஒரு அம்மா கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனார். பாதி வழியில் நிறுத்தினார். மோந்தார். புருஷனைப் பார்த்தார். பக்கத்து நாற்காலிக்காரியின் காதருகே சாய்ந்தார். அவளும் மோந்தாள். பிறகு அந்த மேசையில் ஆரம்பித்த சிரிப்பு, துணியில் பிடித்த நெருப்பு மாதிரி அடுத்த மேசைக்குத் தாவியது. ஒயின் வாசனைக்குப் புகையிலை, தோல் என்று திணறினவர்கள் எல்லாம் இந்த வாசனையை ஒரே மூச்சில் கண்டுபிடித்துவிட்டார்கள். எந்த டாக்டர் வீட்டிலும் ஒரு பிரசவமாவது நடந்திருக்கும் அல்லவா.

"அய்யோ, இது பத்திய மருந்துக் கொழம்புலா!"

"அப்ப எனக்கும் பால் ஊறுமா?" என்றார் ஐஸ்கட்டிப் பெரியவர்.

பச்சைப் பட்டு அம்மா குணாவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "தம்பி, பிள்ளை ஆணா பொண்ணா?"

குணா பாவம், தட்டை ஏந்தினபடியே முகம் மலர்ந்து, "பொண்ணுங்க" என்றான். அவன் வேறு எதையும் யோசிக்கவில்லை. தன் மகளைத்தான் நினைத்தான். கூடமே வெடித்தது. மேனேஜரும் சிரித்தபடியே வந்து என்ன விஷயம் என்று கேட்டார். ஒரு டாக்டர் மிகவும் சுத்தமான ஆங்கிலத்தில், வயிற்று அழுக்கிலிருந்து தாய்ப்பால் வரை ஒன்றையும் விடாமல் விளக்கினார். மேனேஜர் கடைசிவரை சிரிப்பை மாற்றவில்லை. மனிதர் கத்தியிருந்தால் பிழைத்திருப்போம்.

கேப்டன் வேலை கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பையனுக்குப் போயிற்று; திராட்சை வகைகளின் பெயரை மூக்கால் சொல்லத் தெரிந்தவன். குணாவை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து, "எனக்குத் தெரியாததை என் விருந்தாளி எனக்குச் சொல்லும்படி நீ விடக் கூடாது" என்று மட்டும் சொன்னாராம். அவர் சொன்னதில் தப்பு இல்லை, வயிற்றெரிச்சலே அதுதான். ஆனால் அடுத்த வாரமே பச்சைப் பட்டு அம்மாவின் சிநேகிதிகள் ஓட்டலுக்குப் போன் போட்டு, அந்தக் கோழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். சிரிக்கத்தான் கேட்டார்கள், வந்து தின்றும் போனார்கள். இப்போது அது ஓட்டலின் மெனு அட்டையில் நிரந்தரமாக இருக்கிறது, எஸ்டேட் ஹெரிடேஜ் சிக்கன் என்ற பெயரில். கூட ஒரு கிளாஸ் ஒயின். குழம்பை வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள். ரப்பர் காலத்திலிருந்தே இந்த ஊரில் அதுதானே வழக்கம் என்றார் என் வீட்டுக்காரர். அத்தைக்கு மட்டும் ஒரே பெருமை. "என் கொழம்பு ஓட்டல்ல ஓடுது, தெரியுமா?" என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லியிருக்கிறார். துளசி சிரிக்கவில்லை.

பழைய சம்பளத்தில் காலம் தள்ள முடியாது என்று குணா சிங்கப்பூருக்குப் போன அன்று துளசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். "அந்த ஊர்ல கோழி வாங்கி நீயே சமைச்சுக்க. யாருக்கும் விளக்கம் சொல்லாத" என்றாள். அவன் தலையாட்டினான். அவ்வளவுதான் விடைபெறல். நான் பிறந்த வீட்டைவிட்டுக் கிளம்பினபோது ஊரே திரண்டு அழுதது. இங்கே பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் ஹாரன் அடித்தார்.

முதலில் அவன் துளசிக்குத்தான் போன் செய்தான். பிறகு, எனக்கே ஆச்சரியமாக, தனியாக என்னைக் கூப்பிட ஆரம்பித்தான். அங்கே துணி காயப்போட இடம் இல்லை அண்ணி, என்ன செய்வது? ஆறு பேர் இருக்கிற அறையில் ஒருவன் மட்டும் பேசவே மாட்டேன் என்கிறான், விட்டுவிடலாமா? நான் பேசுகிற தமிழைக் கேட்டு எந்த ஊர் என்கிறார்கள், மலாக்கா என்றால் அப்படியா என்று சிரிக்கிறார்கள், அதில் என்ன சிரிப்பு? இந்த வீட்டில் இத்தனை வருஷமாக நான் ஊர்க்காரி, அதாவது இந்தியாவிலிருந்து வந்தவள். குழம்பில் தேங்காய் குறைந்தால் ஊர்க்காரி, மலாய் தவறாகப் பேசினால் ஊர்க்காரி. இன்றைக்கு இந்தக் குடும்பத்தில் வெளியூர்க்காரராக இருப்பதில் அனுபவசாலி நான் ஒருத்திதான் என்று என் கொழுந்தன் கண்டுபிடித்துவிட்டான். நானும் கூச்சமில்லாமல் புத்தி சொன்னேன். "நம்ம ஊர்ல மாதிரி அங்க எதிர்பாக்காதடா" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது: நான் நம்ம ஊர் என்றது மலாக்காவை. வாய் எப்போது கட்சி மாறியது என்று எனக்குத் தெரியாது.

போன ஞாயிறு அவனால் வர முடியவில்லை. வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் இரும்புக் கட்டிலில் யாரோ காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். குணா சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கேமரா முன்னால் பிடித்தான். அவன் படம், அவன் பெயர். வேலை செய்ய அனுமதித்து அந்த நாடு கொடுத்தது.

"வந்துருச்சு அண்ணி. ஆனா இத நீட்டினா கவுண்டர்ல இருக்கிறவன் அட்டையப் பாத்துட்டு, அப்பறம் என்னைப் பாக்குற பார்வையே வேற. அது எத்தன வருஷத்தில பழகும்?"

நான் கைப்பையைத் திறந்து என் அட்டையை எடுத்தேன். இந்த நாட்டில் குடிமக்களுக்கு நீல அட்டை. என்னைப் போல வந்து தங்கிவிட்டவர்களுக்குச் சிவப்பு. குணா அதைப் பலமுறை மேசைமேல் பார்த்திருப்பான், பார்த்ததாக ஞாபகம் இருக்காது. நானும் அதைக் கேமரா முன்னால் பிடித்தேன். திரையில் அவன் அட்டை பெரிதாகவும், ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் என் அட்டை சிவப்பாகவும் தெரிந்தன. நாங்கள் எந்த ஊர்க்காரர்கள் இல்லை என்பதை மட்டும் அவை இரண்டும் வெகு தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வந்த துளசி, திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன அண்ணியும் கொழுந்தனுமா சீட்டு வெளையாடுற மாதிரி புடிச்சிட்டு இருக்கீங்க?" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அட்டையை மட்டும் யாரும் முதலில் இறக்கவில்லை.